பயங்கரவாதத்துக்குப் பலியானவர் குடும்பம்: அரசு தருவது கருணையா, கடனா?

ஒரு குண்டுவெடிப்போ துப்பாக்கிச் சூடோ நடந்தால், அன்று இரவுக்குள் அரசிடமிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்துவிடும். முதலாவது கண்டனம். இரண்டாவது, இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, காயம்பட்டவருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. கண்டனத்தைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. தொகையைப் பற்றித்தான் பேச்சு எழும். இவ்வளவுதானா என்பார்கள் சிலர். இதற்கு எதற்கு அரசுப் பணம் என்பார்கள் வேறு சிலர். இப்படிக் கேட்பவர்களை ஈரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே வாரம் எங்கோ ஒரு பெண்ணைத் திருடன் கொன்றிருப்பான். ஒரு கட்டடத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இறந்திருப்பார். அந்த வீடுகளுக்கு எந்த அமைச்சரும் போகவில்லை. பிள்ளைகளுக்கு அப்பா இல்லாமல் போவது எல்லா வீட்டிலும் ஒன்றுதானே?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தரத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கணக்கில் தருகிறோம் என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்துவிட்டுத் தர வேண்டும். கருணையாகத் தரலாம், உரிமையாகத் தரலாம், தன் தவறுக்கு ஈடாகவும் தரலாம். எவ்வளவு, எத்தனை நாளில், பட்டியலில் யார் வருவார், யார் வெளியே நிற்பார் என்பதெல்லாம் இந்த முதல் முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன. பல நாடுகள் இந்த முடிவை எடுக்காமலேயே பணத்தை அறிவிக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

442 ஆண்டுத் தவணை

குற்றவாளி பிடிபடாவிட்டால் ஆட்சி ஈடுகட்ட வேண்டும் என்பது மிகப் பழைய யோசனை. கி.மு. 18ஆம் நூற்றாண்டு பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பில் 22 முதல் 24 வரையிலான விதிகள் இதைத்தான் பேசுகின்றன. கொள்ளையன் அகப்பட்டால் அவனுக்கு மரண தண்டனை. அகப்படாவிட்டால், பறிகொடுத்தவர் தன் இழப்பைத் தெய்வத்தின் முன் சொல்ல வேண்டும். அந்த ஊரும் அதன் ஆளுநரும் அதைத் திருப்பித் தர வேண்டும். உயிர் போயிருந்தால் உறவினருக்கு ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறத்தாழ அரை கிலோ. இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டமும் இதே தடத்தில் போகிறது. தங்கள் எல்லைக்குள் நடந்த கொள்ளைக்குக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்காத வட்டாரத்தார், இழப்புக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும்.

நவீன அரசு வந்தபோது காவல் வேலையை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆயுதம் வைத்துக்கொள்ளாதே, பழிவாங்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. ஆனால் பார்த்துக்கொள்ளத் தவறினால் என்ன என்பதை மட்டும் மெல்லக் கைகழுவிவிட்டது. பாதிக்கப்பட்டவர் வேண்டுமானால் குற்றவாளி மீது வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்பதே நூற்றாண்டுகளாக நிலைமை.

அது எவ்வளவு வெற்றுப் பேச்சு என்பதைப் பிரிட்டனின் சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை 1957இல் ஒரே கணக்கில் காட்டினார். 1951இல் தாக்கப்பட்டுப் பார்வை இழந்த ஒருவருக்கு நீதிமன்றம் 11,500 பவுண்ட் இழப்பீடு விதித்தது. அடித்தவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்ட், கட்ட வேண்டும் என்று உத்தரவு. கடைசித் தவணையை வாங்க அந்த மனிதர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும். ஃப்ரை மறு ஆண்டே இறந்துவிட்டார். ஆனால் 1963இல் நியூஸிலாந்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும் சட்டத்தை உலகில் முதலாவதாக இயற்றியது. அடுத்த ஆண்டு பிரிட்டன் பின்தொடர்ந்தது. 1983இல் ஐரோப்பிய நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. 1985இல் ஐநா பொதுச் சபை, குற்றவாளியிடமிருந்து முழு இழப்பீடு கிடைக்காதபோது அரசுகள் கைகொடுக்க முயல வேண்டும் என்று பிரகடனம் செய்தது. முயல வேண்டும், அவ்வளவுதான். கட்டாயம் எதுவும் அதில் இல்லை.

இவை எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவானவை. பயங்கரவாதத்துக்கென்று தனி ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்குப் பிரான்ஸ்தான் நல்ல உதாரணம். 1983 டிசம்பர் 23 அன்று பாரிஸின் ஓர் உணவகத்தில் குண்டு வெடித்ததில் பிரான்சுவாஸ் ருடெட்ஸ்கி என்ற பெண்ணின் கால்கள் மோசமாகச் சிதைந்தன. அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே அவர் கண்டுபிடித்த விஷயம், தன்னைப் போன்றவர்களுக்கு யாரும் பொறுப்பு இல்லை என்பது. குண்டு வைத்தவர் யாரென்று தெரியாது. இன்சூரன்ஸ் ஒப்பந்தங்களோ பயங்கரவாதச் செயல்களை விலக்கி எழுதப்பட்டிருந்தன. அவர் ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடினார். 1986 செப்டம்பரில் சட்டம் வந்தது. அதன்படி ஓர் இழப்பீட்டு நிதியமும் வந்தது.

அந்த நிதியத்துக்குப் பணம் வரும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. வீடு, வாகனம் போன்ற சொத்துகளுக்குச் செய்யப்படும் ஒவ்வொரு இன்சூரன்ஸ் ஒப்பந்தத்திலும் ஒரு சிறு தொகை இதற்கெனப் பிடிக்கப்படுகிறது. 2017இல் அது ஒப்பந்தத்துக்கு 5.90 யூரோ. தாக்குதல் யார் மீது விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோரும் கொஞ்சம் போடுவோம் என்ற ஏற்பாடு. நிதியமைச்சர் மனது வைக்க வேண்டியதில்லை. தேர்தல் நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. பிரான்ஸ் மண்ணில் பாதிக்கப்பட்டவர் எந்த நாட்டவரானாலும் கேட்கலாம். பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் பாதிக்கப்பட்டாலும் கேட்கலாம். விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1990இல் இன்னொரு படி ஏறி, இவர்களைப் போரில் பாதிக்கப்பட்ட குடிமக்களுக்குச் சமமாக வைத்தார்கள்.

2015 நவம்பர் 13 இரவு பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டபோது இந்த நிதியத்துக்கு முன் ஒரு புதிய கேள்வி வந்தது. தாக்கப்பட்ட இசை அரங்குக்குள் மணிக்கணக்கில் சாவை எதிர்பார்த்துக் கிடந்த பயத்துக்கு ஈடு உண்டா? வெளியே ஒவ்வொரு மருத்துவமனையாக அலைந்து, உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கிடந்த பெற்றோரின் அந்த நேரத்துக்கு? இரண்டையும் தனித்தனி இழப்புகளாக ஏற்றுக்கொள்ள நிதியம் 2017இல் முன்வந்தது. நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மார்ச்சில் இரண்டையும் உறுதிசெய்தது. காத்திருந்த வேதனைக்குச் சட்டத்தில் ஒரு வரி ஒதுக்கிய நாடுகள் அதிகம் இல்லை.

சாதாரணக் கொலையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது

சரி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். திருடன் கொன்ற பெண்ணின் வீட்டுக்கு இல்லாதது இவர்களுக்கு மட்டும் ஏன்?

இதற்குச் சொல்லப்படும் பதில்களில் வலுவானது இது: பயங்கரவாதி குறிவைப்பது அரசை. ரயிலில் உட்கார்ந்திருந்தவரோடு அவனுக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அவர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அரசின் கொள்கையை மாற்ற, அரசைப் பணியவைக்க, கைக்கு எட்டிய உடல்களைப் பயன்படுத்துகிறான். அரசுக்கு விழுந்த அடியை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். எல்லையில் நின்ற வீரனின் குடும்பத்துக்குப் பென்ஷன் தருவதை யாரும் கருணை என்று சொல்வதில்லை. விரும்பாமலேயே அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவரின் குடும்பத்துக்கு மட்டும் ஏன் கருணை? இஸ்ரேலின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. இறந்த குடிமக்களின் குடும்பத்துக்குப் படைவீரர் குடும்பத்தை ஒட்டிய ஓய்வூதியம் தருகிறது.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதில் ஒரு விரிசல் இருப்பதை மறைக்கப் போவதில்லை. கொலைகாரனின் நோக்கத்தை வைத்து விதவையின் பென்ஷனைத் தீர்மானிப்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

இந்த விசித்திரமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட நாடு, முன்பு பார்த்த அதே நியூஸிலாந்து. 1974 முதல் அங்கே விபத்தானாலும் தாக்குதலானாலும் உடலில் அடிபட்ட யாருக்கும் யார் தவறு என்று கேட்காமல் ஒரே பொது அமைப்பு தருகிறது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது குடும்பங்களுக்குப் பணம் போனது அந்த வழியில்தான். இறந்தவர் சம்பாதித்ததை ஒட்டி வாரந்தோறும், கூடவே ஈமச் செலவுக்கும். பயங்கரவாதமா இல்லையா என்ற வாக்குவாதமே எழவில்லை. கேட்கும்போது இதுவே சரியான வழி என்று தோன்றும். ஆனால் அந்த அமைப்பு உடற்காயத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. மசூதிக்குள் பிணங்களுக்கு நடுவே கிடந்து, கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தவர்களின் மனக்காயம் அதன் வரம்புக்குள் வரவில்லை. பயத்தை விதைப்பதற்காகவே செய்யப்படும் ஒரு குற்றத்தில், பயத்துக்கு மட்டும் இழப்பீடு இல்லை என்றாகிறது. இந்தக் குற்றத்துக்குத் தனியாக ஒரு பார்வை தேவை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் தருவதால் பயங்கரவாதம் பெருகும் என்று ஒரு வாதம் உண்டு. பிணைக்கைதிக்காகத் தரப்படும் மீட்புப் பணத்துக்கு அது பொருந்தும். கல்லறைக்குப் பிறகு குடும்பத்துக்குத் தருவதற்குப் பொருந்தாது. பொய் விண்ணப்பங்கள் வரும் என்பது மட்டும் உண்மை. பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு அங்கே இல்லாமலேயே இருந்ததாகச் சொல்லிப் பணம் கேட்டுச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தீயணைப்பு வீரருக்கு ஒரு விலை, பங்குத் தரகருக்கு ஒரு விலை

எவ்வளவு தருவது என்பதில் அமெரிக்கா செய்த சோதனை அளவுக்குப் பெரியது வேறு இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த பதினோராம் நாளே ஓர் இழப்பீட்டு நிதியத்துக்கான சட்டம் கையெழுத்தாகிவிட்டது. அதைத் தனியாளாக நிர்வகிக்கும் பொறுப்பு கென்னத் ஃபைன்பர்க் என்ற வழக்கறிஞருக்கு. மொத்தம் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு எதுவும் கிடையாது.

கணக்கு இப்படிப் போனது. இறந்த ஒவ்வொருவரின் வேதனைக்கும் 2,50,000 டாலர். கணவனோ மனைவியோ இருந்தால் அவருக்கும், சார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தலா 1,00,000 டாலர். இதுவரை எல்லோருக்கும் சமம். அதன் மேல், இறந்தவர் உயிரோடிருந்தால் வாழ்நாளில் என்ன சம்பாதித்திருப்பார் என்று கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். அதிலிருந்து ஆயுள் காப்பீடு, பென்ஷன் என்று குடும்பத்துக்கு வேறு வழியில் வருவதைக் கழித்துவிடுவார்கள். சிக்கனமாக வாழ்ந்து, தவறாமல் காப்பீட்டுத் தவணை கட்டியவரின் குடும்பத்துக்கு அதற்காகவே குறைந்தது.

விளைவு, இறந்தவர்களின் குடும்பங்களில் மிகக் குறைவாக வாங்கியது 2,50,000 டாலர். மிக அதிகமாக வாங்கியது 70 லட்சத்துக்கும் மேல். சராசரி 20 லட்சத்தைத் தாண்டியது. மாடிப்படி ஏறிப் போய் உயிரை விட்ட தீயணைப்பு வீரரின் மனைவி, மேல்தளத்தில் வேலை பார்த்த நிதி நிறுவன அதிகாரியின் உயிர் என் கணவரின் உயிரைவிட எப்படி உயர்ந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? இந்தக் கேள்வியைத்தான் ஃபைன்பர்க் அந்தக் காலம் முழுக்க எதிர்கொண்டார். 900க்கும் மேற்பட்ட குடும்பங்களை நேரில் உட்காரவைத்துக் கேட்டவர் அவர். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கா, பெற்றோருக்கா? பிரிந்து வாழ்ந்த மனைவிக்கா, கூட வாழ்ந்த துணைக்கா? ஒவ்வொரு கோப்பும் ஒரு குடும்பச் சண்டை. ஒரு நல்ல விஷயமும் உண்டு: முறையான குடியேற்ற ஆவணங்கள் இல்லாமல் அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்களும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

வேலை முடிந்தபோது ஃபைன்பர்க் வந்து சேர்ந்த முடிவு, இன்னொரு முறை செய்வதாக இருந்தால் இறந்த எல்லோருக்கும் ஒரே தொகைதான் என்பது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு மக்கள் நன்கொடையாகக் குவித்த பணத்தைப் பிரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது அப்படித்தான் செய்தார். இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்கும் ஒரே தொகை, ஏறத்தாழ 22 லட்சம் டாலர். சம்பளச் சீட்டு யாரிடமும் கேட்கப்படவில்லை.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அடித்தவரின் பாக்கெட்டிலிருந்து வாங்கும்போது வருமானக் கணக்கு நியாயம். நீ கெடுத்தது எவ்வளவோ அவ்வளவு கொடு என்று கேட்கலாம். சமூகம் சேர்ந்து தரும்போது ஒவ்வொரு குடிமகனின் தலையும் ஒன்றுதான்.

இன்னொரு மனக்குறை உள்நாட்டிலேயே வெடித்தது. 1995இல் ஒக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். 1998இல் கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்களில் 224 பேர். அவர்கள் குடும்பங்களுக்கு அப்போது இப்படி ஒரு நிதியம் வரவில்லை. அதே நாடு, அதே குற்றம், வேறு தேதி. தாக்குதல் நடந்த பிறகு சட்டம் எழுதினால் இதுதான் நடக்கும். எந்தச் சாவு நாட்டை அதிகம் உலுக்கியதோ அதற்கு அதிகம்.

பட்டியலில் யார்?

தொகைச் சண்டையைவிடக் கசப்பானது பட்டியல் சண்டை. 2005 ஆகஸ்ட் 4 அன்று இஸ்ரேலின் ஷெஃபா அம்ர் நகரில் ஒரு யூதப் படைவீரன் பேருந்துக்குள் சுட்டு நான்கு அரபுக் குடிமக்களைக் கொன்றான். முன்பு சொன்ன 1970ஆம் ஆண்டுச் சட்டம், இஸ்ரேலுக்குப் பகையான சக்திகள் நடத்தும் தாக்குதலை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுட்டவன் அந்த நாட்டின் சீருடைக்காரன் என்பதால் இறந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் பயங்கரவாதத்துக்குப் பலியானவர்கள் ஆகவில்லை. மறு ஆண்டு சட்டத்தைத் திருத்தித்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஜெர்மனியில் நடந்ததற்கு அரசியல்கூடக் காரணமில்லை. 2016 டிசம்பர் 19 அன்று பெர்லினில் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒருவன் லாரியை ஓட்டினான். 12 பேர் இறந்தார்கள். படுகாயமடைந்த ஒருவர் பல ஆண்டு கழித்து இறந்தார். வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கான ஜெர்மன் சட்டம், மோட்டார் வாகனத்தால் வரும் பாதிப்பை விலக்கி வைத்திருந்தது. வாகனம் என்றால் விபத்து, அதற்கு வேறு நிதி இருக்கிறது என்பது சட்டம் எழுதியவர்களின் நினைப்பு. ஆகவே அந்தக் குடும்பங்கள், இடித்துவிட்டுத் தப்பிய ஓட்டுநர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியை நோக்கி அனுப்பப்பட்டன. உடலைப் பரிசோதித்ததற்கான கட்டணச் சீட்டு, அரசின் இரங்கல் கடிதத்துக்கு முன்பே சில வீடுகளுக்கு வந்து சேர்ந்த அவலமும் அப்போதுதான் நடந்தது. ஓராண்டு கழித்து அந்தக் குடும்பத்தினர் தலைமை அமைச்சர் ஏங்கலா மெர்க்கலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய பிறகே பலதும் மாறத் தொடங்கியது. 2024 முதல் அங்கே புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

வட அயர்லாந்தின் கதை வேறு மாதிரி. 2009 ஜனவரியில் ஒரு ஆலோசனைக் குழு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அங்கே மோதிக்கொண்ட கலவர ஆண்டுகளில் இறந்த எல்லோருடைய நெருங்கிய உறவினருக்கும் தலா 12,000 பவுண்ட் தரலாம் என்று பரிந்துரைத்தது. எல்லோருக்கும் என்றால் குண்டு வைக்கப் போய்த் தன் குண்டிலேயே செத்தவனின் தாய்க்கும் சேர்த்து. தாயின் துக்கத்தில் வேறுபாடு இல்லை என்பது குழுவின் நினைப்பு. அறிக்கை வெளியான கூட்டத்திலேயே கூச்சல் எழுந்தது. சில வாரங்களில் பிரிட்டிஷ் அரசு யோசனையைக் கைவிட்டது. அப்புறம் உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் வந்தபோதும் இதே கேள்வி அதைப் பிடித்து நிறுத்தியது. எந்தத் துறை நடத்துவது என்று சொல்லாமல் உள்ளூர் ஆட்சி இழுத்தடிப்பது சட்டவிரோதம் என்று 2020இல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது 2021இல். காத்திருந்தவர்களில் பலர் 1970களில் கை கால் இழந்தவர்கள்.

என்னைக் கேட்டால், கொன்றவரின் குடும்பத்துக்குப் பசி வந்தால் அதைப் பொதுவான சமூக நலத் திட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அதே பட்டியலில், அதே பெயரில் பணம் தருவது, எதிர்ப் பக்கத்துக் குடும்பத்தை இரண்டாம் முறை அடிப்பதாகும். தாயின் துக்கம் ஒன்றுதான் என்று சொல்லும் உரிமை அந்தத் தாய்களுக்கு உண்டு. அரசுக்கு இல்லை.

இந்தியாவில் 2008இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் எளிமையானது. பயங்கரவாதத்தில் இறந்தாலோ 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ முதலில் 3 லட்சம், 2016 முதல் 5 லட்சம் ரூபாய். வருமானம் பார்ப்பதில்லை, இந்தச் சமத்துவம் நல்லது. பணம் கையில் தரப்படாமல் மூன்று ஆண்டுக்கு வங்கி டெபாசிட்டில் பூட்டப்படுகிறது. வட்டி மட்டும் வரும். உறவினர்கள் பிடுங்கிவிடக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் முதல் மூன்று மாதத்து வாடகையும் மருத்துவமனைச் செலவும் வட்டியில் அடங்குமா? தவிர, 49 சதவீத ஊனத்துக்கு என்ன பதில்?

பணம் கொடுத்துக் கதவை மூடுவது

இனித்தான் எனக்கு முக்கியமான விஷயம். அமெரிக்க நிதியம் அவ்வளவு விரைவாக வந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. அந்தச் சட்டமே விமான நிறுவனங்களைத் திவாலாகாமல் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்டது. நிதியத்திடம் பணம் வாங்கும் குடும்பம், விமான நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்களில் 97 சதவீதம் கையெழுத்திட்டன. கத்தியோடு அவர்களை எப்படி ஏறவிட்டீர்கள் என்று பொது நீதிமன்றத்தில் கேட்டே தீர வேண்டும் என்று வெளியே நின்றவை நூறுக்கும் குறைவு. அவர்களின் வழக்குகளும் ஒவ்வொன்றாகச் சமரசத்தில் முடிந்தன; கடைசி வழக்கு முடிந்தது 2011இல். ஒன்றுகூட விசாரணை வரை போகவில்லை.

வெளிநாட்டு அரசு பணம் தரும்போது அதன் மேல் அரசியல் இன்னும் கெட்டியாகப் படிகிறது. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் விமானம் வெடித்து 270 பேர் இறந்ததற்கு, குடும்பத்துக்கு 1 கோடி டாலர் வீதம் தர 2003இல் லிபியா ஒப்புக்கொண்டது. ஆனால் மூன்று தவணையில். ஐநா தடை நீங்கினால் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கினால் இன்னொரு 40 லட்சம், பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து லிபியாவின் பெயர் போனால் மிச்சம் 20 லட்சம். பிள்ளையை இழந்த பெற்றோரை, கொன்றதாகச் சொல்லப்பட்ட ஆட்சியின் மீதான தடை நீங்க வேண்டுமே என்று காத்திருக்கவைத்த ஒப்பந்தம் அது. 2022இல் ஆப்கானிஸ்தானின் மத்திய வங்கிக்குச் சொந்தமாக அமெரிக்காவில் முடங்கிக் கிடந்த 700 கோடி டாலரில் பாதியை, செப்டம்பர் 11 குடும்பங்கள் தாலிபான் மீது போட்டிருந்த வழக்குகளுக்காக அமெரிக்க அரசு ஒதுக்கிவைத்தபோது இன்னொரு கேள்வி வந்தது. தாலிபானின் குண்டுகளுக்கு அதிகம் செத்தவர்கள் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்களான ஆப்கானியர்களே. அந்தப் பணத்தைத் தொட முடியாது என்று 2023 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார்.

அரசே தவறியிருந்தால்? அங்கேதான் கருணைப் பணம் ஆபத்தாகிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கனடாவைச் சேர்ந்தவர்கள். எச்சரிக்கைகள் இருந்தும் கனடாவின் அதிகார அமைப்புகள் அடுத்தடுத்துக் கோட்டைவிட்டதையும், குடும்பங்களைப் பகையாளிகளைப் போல நடத்தியதையும் விசாரணை ஆணையம் 2010இல்தான் எழுத்தில் சொன்னது. அதே மாதம் கனடாவின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகள். 2004இல் பெஸ்லான் பள்ளி முற்றுகையில் 330க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பாதிக்கு மேல் குழந்தைகள். ரஷ்ய அரசு குடும்பங்களுக்குப் பணம் தந்தது. ஆனால் முன்கூட்டியே தகவல் இருந்தும் தடுக்காததையும், பணயக் கைதிகள் உள்ளே இருக்கும்போதே டாங்கிப் பீரங்கியும் தீயெறியும் ஆயுதங்களும் பயன்படுத்தியதையும் உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொல்ல, குடும்பங்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2017இல் 409 பேருக்குச் சுமார் 30 லட்சம் யூரோ கிடைத்தது. தலைக்கு வகுத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. அவர்கள் போனது பணத்துக்காக மட்டும் இல்லை என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

அதனால்தான் இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்கிறேன். தவறு யாருடையது என்று கேட்காமல், எல்லோருக்கும் சமமாக, சில வாரங்களில் போய்ச் சேர வேண்டியது ஒன்று. அதை வாங்க எந்த உரிமையையும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது. விசாரித்து, தவறியவர் யார் என்று பெயர் சொல்லி வசூலிக்க வேண்டியது இன்னொன்று. அதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

இரண்டாவது கணக்கு எப்படி இருக்கும் என்பதை இலங்கையின் உச்ச நீதிமன்றம் காட்டியது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரல் 4 முதலே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. அப்போதைய பாதுகாப்புச் செயலாளரையும் காவல்துறைத் தலைவரையும் கொழும்பு உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. ஆனால் அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த ஏழு நீதிபதிகள் அமர்வு, 2023 ஜனவரி 12 அன்று அவர்கள் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், காவல்துறைத் தலைவரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, தேசியப் புலனாய்வுத் தலைவர் 1 கோடி. எல்லாம் அவரவர் சொந்தப் பணத்திலிருந்து. அரசு கட்ட வேண்டியது வெறும் 10 லட்சம். இழப்பீட்டு அலுவலகத்தில் தனி நிதி தொடங்கி, இந்தப் பணத்தை அதில் போட்டுக் குடும்பங்களுக்குப் பிரிக்கச் சொன்னது நீதிமன்றம். அவ்வளவு பணம் தன்னிடம் இல்லை என்று சொல்லி, முன்னாள் ஜனாதிபதி அதைத் தவணையில் கட்டத் தொடங்கினார்.